வெடிக்கும் விண்மீன்: நம்பத்தக்க அளவுகோலா?

தீபாவளி விடுமுறை முடிந்து கல்லூரி திறந்த வாரம் அது. விருதுநகரில் நான் பணிபுரியும் கல்லூரியில், இளநிலை இயற்பியல் மாணவர்களுக்கு விண்வெளித் தொலைவுகளை அளக்கும் முறைகளை விளக்கிக்கொண்டிருந்தேன். "1-ஏ வகைச் சூப்பர்நோவாக்கள் அனைத்தும் ஒரே அளவு ஒளி வீசுபவை. ஆகவே, மங்கலாகத் தெரிந்தால் தொலைவில் இருக்கிறது, பளிச்சென்று தெரிந்தால் பக்கத்தில் இருக்கிறது என்று கணக்கிடலாம்" என்றேன். நான் பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் வாக்கியம்தான்.

கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். சிவகாசிப் பக்கத்துப் பெண். "சார், எங்க ஊர்ல ஒரே பெட்டியில இருக்கிற பத்துப் புஸ்வாணமும் ஒரே மாதிரி எரியாது. மருந்து ஒண்ணுதான், கூடு ஒண்ணுதான், ஆனாலும் ஒண்ணு ஆள் உயரம் போகும், ஒண்ணு முழங்கால் உயரத்தோட அடங்கிடும். நட்சத்திரம் மட்டும் எப்படி சார் ஒரே மாதிரி வெடிக்கும்?" என்று கேட்டாள்.

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் கேட்டது சரியான கேள்வி. நான் சொல்லிவந்த வாக்கியம்தான் சரியில்லை. அதே வாக்கியம் பாடநூல்களிலும் வார இதழ்களின் அறிவியல் துணுக்குகளிலும் சற்றே மாறிய வடிவங்களில் இன்றும் உலவுகிறது. வாசகர்களே, இக்கட்டுரை அந்த வாக்கியத்தின் மீதான விமர்சனம். அதில் எவ்வளவு உண்மை, எவ்வளவு சோம்பல் என்பதைப் பிரித்துப் பார்ப்போம்.

உண்மையின் பங்கு

முதலில் நியாயமாக, வாக்கியத்துக்கு ஆதரவாக வாதிடுவோம். சூரியனைப் போன்ற ஒரு விண்மீன் தன் எரிபொருளைச் செலவிட்டபின் எஞ்சுவது வெண்குள்ளன் எனப்படும் சிறிய, மிக அடர்த்தியான கோளம். இது தாங்கக்கூடிய நிறைக்கு ஓர் எல்லை உண்டு. அதைக் கணக்கிட்டவர் சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர். 1930-இல் இங்கிலாந்துக்குக் கப்பலில் சென்றபோது இக்கணக்கைத் தொடங்கினார். அந்த எல்லை, சூரிய நிறையைப் போல் சுமார் 1.4 மடங்கு. அருகிலுள்ள துணை விண்மீனிடமிருந்து பொருளைக் கவர்ந்து, வெண்குள்ளன் இந்த எல்லையை நெருங்கும்போது அதன் கரி அணுக்கருக்கள் கட்டுக்கடங்காமல் பிணையத் தொடங்குகின்றன. விண்மீன் முழுவதும் வெடித்துச் சிதறுகிறது. இதுவே 1-ஏ வகைச் சூப்பர்நோவா.

"ஒரே நிறையில் வெடிப்பதால் ஒரே ஒளி" என்ற எண்ணம் இங்கிருந்து பிறந்தது. கேட்க அழகாயிருக்கிறது. ஆனால் சூப்பர்நோவாவின் ஒளியைத் தீர்மானிப்பது வெடிக்கும் நிறை மட்டுமன்று. வெடிப்பில் உண்டாகும் கதிரியக்க நிக்கல்-56 எவ்வளவு என்பதே முக்கியம். 6 நாள் அரைஆயுள் கொண்ட அந்த நிக்கல் கோபால்ட்-56 ஆகவும், 77 நாள் அரைஆயுள் கொண்ட கோபால்ட் இரும்பாகவும் மாறும்போது வெளிப்படும் ஆற்றல்தான் நமக்கு ஒளியாக வந்து சேர்கிறது. நிக்கலின் அளவு வெடிப்புக்கு வெடிப்பு மாறுபடும். இன்னொரு சிக்கலும் உண்டு. இரண்டு வெண்குள்ளன்கள் மோதி இணைவதாலும் இவ்வகை வெடிப்பு நிகழலாம். எல்லையை எட்டும் முன்னரே சில வெடிக்கவும் கூடும். எனவே சந்திரசேகரின் எல்லை "ஒரே ஒளி"க்கு உத்தரவாதம் ஆகாது. அந்தப் பழியை அவர் கணக்கின்மீது நாம் சுமத்தக் கூடாது.

மெதுவாக மங்குவது, அதிகம் ஒளிர்வது

அப்படியானால் வானியலார் இத்தனை காலம் எதை வைத்து அளந்தார்கள்? 1993-இல் மார்க் பிலிப்ஸ் என்ற வானியலார் ஓர் ஒழுங்கைத் தெளிவாக எடுத்துக்காட்டினார். உச்ச ஒளி அதிகமுள்ள 1-ஏ சூப்பர்நோவா மெதுவாக மங்குகிறது. ஒளி குறைந்தது விரைவாக மங்குகிறது. புஸ்வாணத்தின் உயரத்தைப் பார்க்காமலே, அது எத்தனை நேரம் எரிந்தது என்பதை வைத்து உயரத்தைச் சொல்வது போன்றது இது. இந்தத் திருத்தத்தையும் நிறத்தைக் கொண்டு செய்யும் மற்றொரு திருத்தத்தையும் சேர்த்துச் செய்தால், ஒரு சூப்பர்நோவாவின் தொலைவை ஏறத்தாழ 7 விழுக்காட்டுப் பிழையுடன் மதிப்பிட முடிகிறது.

இது பெரிய சாதனை. ஆனால் கவனியுங்கள்: அவை ஒரே மாதிரியானவை என்பதாலன்று, அவை எப்படி வேறுபடுகின்றன என்று தெரிந்துகொண்டதாலேயே இந்த வெற்றி கிடைத்தது. நம் பழைய வாக்கியம் மறைப்பது இந்த உழைப்பைத்தான்.

ஜன்னலுக்குள் நுழையும் புற ஊதா

இனி விஷயத்தின் மையத்துக்கு வருவோம். தொலைவிலுள்ள காலக்ஸிகளின் ஒளி, பேரண்டம் விரிவதால் நீண்டு வருகிறது. இதுவே செம்பெயர்ச்சி. செம்பெயர்ச்சி 1 உள்ள சூப்பர்நோவாவிலிருந்து 2500 ஆங்ஸ்ட்ராம் அலைநீளத்தில் புறப்பட்ட புற ஊதா ஒளி, இங்கே 5000 ஆங்ஸ்ட்ராமில், அதாவது பச்சை ஒளியாக, வந்து சேரும். நம் தொலைநோக்கியின் பச்சை வடிகட்டி வழியே நாம் அளப்பது உண்மையில் அந்த விண்மீனின் புற ஊதா ஒளியையே!

அருகிலுள்ள சூப்பர்நோவாவின் பச்சை ஒளியையும், தொலைவிலுள்ளதன் புற ஊதா ஒளியையும் நேருக்கு நேர் ஒப்பிட்டால் அது நெல்லையும் உமியையும் ஒரே மரக்காலில் அளந்து விலை பேசுவதற்குச் சமம். எனவே ஒரு திருத்தம் தேவை. வானியலார் இதை 'கே-திருத்தம்' என்பர். இதில் இரு பகுதிகள் உள்ளன.

முதற்பகுதி வெறும் கணக்கு. இங்கே 1000 ஆங்ஸ்ட்ராம் அகலமுள்ள வடிகட்டி, செம்பெயர்ச்சி 1 உள்ள விண்மீனின் நிறமாலையில் 500 ஆங்ஸ்ட்ராம் அகலத்தையே பிடிக்கிறது. பாதி அகலம் என்பது பொலிவெண் கணக்கில் 0.75. (பொலிவெண்ணில் 5 வேறுபாடு என்றால் ஒளியில் 100 மடங்கு என்பதை நினைவிற் கொள்க.) இதில் ஐயத்துக்கு இடமில்லை; சூத்திரத்தில் எண்ணைப் போட்டால் விடை வரும்.

இரண்டாம் பகுதிதான் வில்லங்கம். விண்மீனின் நிறமாலையில் 2500 ஆங்ஸ்ட்ராமில் எவ்வளவு ஒளி, 5000-இல் எவ்வளவு ஒளி என்று தெரிந்தால்தான் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாற்ற முடியும். தொலைவிலுள்ள சூப்பர்நோவா மிக மங்கலானது. அதன் முழு நிறமாலையை எடுப்பது கடினம். என்ன செய்கிறோம்? அருகிலுள்ளவற்றின் நிறமாலையை மாதிரியாகக் கடன் வாங்குகிறோம். "அதுவும் இதைப் போலத்தான் இருக்கும்" என்று கொள்கிறோம். பழைய வாக்கியம் பின்வாசல் வழியாக உள்ளே வந்துவிட்டதைப் பார்த்தீர்களா?

1996-இல் கிம், கூபர், பெர்ல்மட்டர் ஆகிய மூவரும் இதற்கு ஒரு நல்ல வழி காட்டினர். தொலைவிலுள்ளதைச் சிவப்பு வடிகட்டியால் அளந்து, அருகிலுள்ளதன் நீல வடிகட்டி அளவோடு ஒப்பிடுங்கள். அப்போது இரண்டிலும் ஏறக்குறைய ஒரே பகுதி ஒளியே பிடிபடும். கடன் வாங்க வேண்டியது குறையும் என்றனர். இது மிகச் சரியான யோசனை. ஆனால் இதற்கும் எல்லை உண்டு. தரையிலுள்ள தொலைநோக்கிகளின் சாதாரண ஒளி உணர்விகள் சுமார் 10,000 ஆங்ஸ்ட்ராமோடு நின்றுவிடுகின்றன. செம்பெயர்ச்சி 1.2-ஐத் தாண்டினால் விண்மீனின் நீல ஒளியும் அந்த எல்லையைக் கடந்து அகச்சிவப்புக்குப் போய்விடுகிறது. அதற்குமேல் ஒன்று விண்வெளியிலிருந்து அகச்சிவப்பில் அளக்க வேண்டும். அல்லது புற ஊதாவை நம்ப வேண்டும்.

கோபால்ட் கண்ணாடியின் பாடம்

அருகிலுள்ள சூப்பர்நோவாக்களின் புற ஊதாவை முன்கூட்டியே நன்றாக அளந்து வைத்துக்கொள்ளலாமே என்று கேட்கலாம். தரையிலிருந்து அது முடியாது. சுமார் 3000 ஆங்ஸ்ட்ராமுக்குக் குறைந்த கதிர்களை ஓசோன் படலம் விழுங்கிவிடுகிறது. ஜவ்வாது மலைக் காவலூரில் 2.34 மீட்டர் தொலைநோக்கியே இருந்தாலும் இதில் பயனில்லை. விண்வெளிக்குத்தான் போக வேண்டும். 2004-இல் ஏவப்பட்ட ஸ்விஃப்ட் செயற்கைக்கோளின் 30 செ.மீ. தொலைநோக்கி நூற்றுக்கணக்கான சூப்பர்நோவாக்களைப் புற ஊதாவில் படம் பிடித்தது. இந்தத் துறைக்கு அது செய்த தொண்டு பெரிது.

ஆனால் அங்கும் ஒரு பொறி இருந்தது. வேதியியல் ஆய்வுக்கூடத்தில் உப்புப் பகுப்பாய்வு செய்தவர்களுக்குக் கோபால்ட் நீலக் கண்ணாடியைத் தெரியும். பொட்டாசியத்தின் ஊதாச் சுடரைச் சோடியத்தின் மஞ்சள் மறைக்காமலிருக்க அதன் வழியே பார்ப்போம். அதே கண்ணாடி வழியே ஒரு குண்டு பல்பைப் பாருங்கள். தூய நீலம் தெரியாது. ஊதா கலந்த செம்மை தெரியும். ஏனெனில் கோபால்ட் கண்ணாடி மஞ்சளைத் தடுத்தாலும் ஆழ்ந்த சிவப்பை உள்ளே விட்டுவிடுகிறது. வெளித்தோற்றத்தில் நீல வடிகட்டி, ஓரத்தில் சிவப்புக் கசிவு.

ஸ்விஃப்டின் மூன்று புற ஊதா வடிகட்டிகளில் இரண்டில் இதே குறை உண்டு. 1-ஏ சூப்பர்நோவா புற ஊதாவில் மங்கலாகவும் கண்ணுக்குப் புலனாகும் ஒளியில் மிகப் பிரகாசமாகவும் இருப்பது. எனவே சிறிய கசிவும் பெரிய பங்காகிவிடுகிறது. "புற ஊதா" என்று பெயரிட்டு எழுதிய எண்ணில் கணிசமான பகுதி புற ஊதாவே அல்ல! இதை ஆய்வாளர்கள் மறைக்கவில்லை. தாங்களே அளந்து, வெளிப்படையாக எழுதி, திருத்தும் வழிகளையும் தந்துள்ளனர். ஆனால் அந்தத் திருத்தத்துக்கும் நிறமாலை தெரிந்திருக்க வேண்டும். மீண்டும் அதே கடன்!

2014 ஜனவரி 21-ஆம் நாள் நடந்த ஒன்று இதைத் தெளிவாக்கும். லண்டனில் ஸ்டீவ் ஃபாசி என்ற ஆசிரியர், மேகம் திரண்டு வந்ததால் மாணவர்களின் செயல்முறை வகுப்பைச் சுருக்கிக்கொண்டு, எம் 82 என்ற காலக்ஸியை அவசரமாகக் காட்டினார். அதில் முன்பில்லாத ஒரு விண்மீன்! சுமார் 1 கோடியே 20 லட்சம் ஒளியாண்டுத் தொலைவில் வெடித்த 1-ஏ சூப்பர்நோவா அது. 2014 ஜே என்று பெயர் பெற்றது. லடாக்கின் ஹான்லேயில் உள்ள நம் இந்திய வான் இயற்பியல் நிறுவனத்தின் 2 மீட்டர் சந்திரா தொலைநோக்கியும் அதைத் தொடர்ந்து அளந்தது. இவ்வளவு அருகில் கிடைத்தும் அதன் புற ஊதா ஒளியை அளப்பது பெரும்பாடாயிற்று. இடையிலுள்ள தூசு புற ஊதாவை வடித்துவிட்டது. பட்டாசுப் புகைக்குப் பின்னால் எரியும் விளக்கு சிவந்து தெரிவது போல, விண்மீனே சிவந்து தெரிந்தது. அந்நிலையில் கசிவுள்ள வடிகட்டிகளில் பதிவான ஒளியில் பெரும்பங்கு கசிவே ஆயிற்று.

ஒட்டிப் பிறவாத இரட்டையர்

"ஒரே மாதிரி" என்ற கருத்துக்குக் கடுமையான சோதனை 2011-இல் வந்த இரு சூப்பர்நோவாக்கள். 2011 எஃப்.இ. என்பது எம் 101 காலக்ஸியில், 2 கோடியே 10 லட்சம் ஒளியாண்டுத் தொலைவில் தோன்றியது. 2011 பி.ஒய். என்பது என்.ஜி.சி. 3972 என்ற காலக்ஸியில் தோன்றியது. இவ்விரண்டும், மேலே சொன்ன எம் 82-உம், வடக்கு வானில் நம் பாட்டிமார் காட்டித்தரும் சப்தரிஷி மண்டலத் திசையிலேயே உள்ளன என்பது ஒரு சுவையான செய்தி.

இரு சூப்பர்நோவாக்களும் கண்ணுக்குப் புலனாகும் ஒளியில் அச்சு அசல் இரட்டையர். நிறமாலை ஒன்று போல. மங்கும் வேகம் ஒன்று போல. பிலிப்ஸின் திருத்தம் இவை இரண்டுக்கும் ஒரே உச்ச ஒளியைத்தான் தரும். ஆனால் 2013-இல் ஃபோலி, கிர்ஷ்னர் ஆகியோர் ஹபிள் தொலைநோக்கியின் நிறமாலைகளை ஒப்பிட்டபோது, புற ஊதாவில் இரட்டையரின் முகங்கள் வேறுபட்டன. வெடிப்பதற்கு முன் அந்த வெண்குள்ளன்களில் கலந்திருந்த இரும்பு முதலிய கன தனிமங்களின் அளவு வேறாக இருக்கலாம் என்பது அவர்கள் தந்த விளக்கம். இத்தனிமங்கள் புற ஊதாவை மிகுதியாக உறிஞ்சுபவை. சிறிது கூடினாலும் குறைந்தாலும் நிறமாலையின் அப்பகுதி மாறிவிடும்.

பின்னர் செபீடு விண்மீன்களைக் கொண்டு 2011 பி.ஒய்.-இன் தொலைவைத் தனியாக அளந்தார்கள். இரட்டையரின் உண்மையான உச்ச ஒளியில் சுமார் 0.3 பொலிவெண் வேறுபாடு இருந்தது, 2011 எஃப்.இ.தான் அதிகப் பிரகாசம். 0.3 என்றால் ஒளியில் 30 விழுக்காட்டுக்குச் சற்று மேல். ஒளி, தொலைவின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் குறைவதால், தொலைவில் இது ஏறத்தாழ 15 விழுக்காடு.

இனி இந்த எண்ணைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பேரண்டம் விரிவது வேகமடைகிறது என்று 1998-இல் இரு குழுக்கள் அறிவித்தன. பெர்ல்மட்டர், ஷ்மிட், ரீஸ் ஆகியோருக்கு 2011-இல் நோபெல் பரிசு பெற்றுத் தந்த அந்த முடிவு, தொலைவிலுள்ள சூப்பர்நோவாக்கள் எதிர்பார்த்ததைவிடச் சுமார் 0.25 பொலிவெண் மங்கலாக இருந்தன என்பதைச் சார்ந்தது. ஓர் இரட்டையரின் வேறுபாடே அதைவிடப் பெரிது!

அப்படியானால் எல்லாம் பொய்யா?

இல்லை. இங்கேதான் விமர்சகரும் நிதானிக்க வேண்டும். தனி ஒரு புஸ்வாணம் ஏமாற்றலாம். நூறு பெட்டியின் சராசரி எளிதில் ஏமாற்றாது. வேறுபாடுகள் இரு பக்கமும் சிதறினால் சராசரியில் அவை அடங்கிவிடும். மேலும் தேர்ந்த ஆய்வாளர்கள் கூடியவரை புற ஊதாவைத் தவிர்த்து நீலம் முதல் சிவப்பு வரையுள்ள ஒளியையே நம்புகின்றனர். வேகமாகும் விரிவுக்குப் பேரண்டப் பின்னணிக் கதிர்வீச்சும் காலக்ஸிகளின் பரவலும் தனிச் சான்றுகள் தருகின்றன. அந்த முடிவு ஒற்றைக் காலில் நிற்கவில்லை.

அஞ்ச வேண்டியது ஒரே பக்கம் சாயும் பிழைக்குத்தான். ஒரு தராசில் தட்டு ஒன்றின் அடியில் புளி ஒட்டியிருந்தால் ஆயிரம் முறை நிறுத்தாலும் சராசரி சரியாகாது. 2013-இல் மில்ன், பிரவுன் முதலியோர், சாதாரண 1-ஏ சூப்பர்நோவாக்களிலேயே புற ஊதா-நீலச் சாயல், புற ஊதா-சிவப்புச் சாயல் என இரு குழுக்கள் இருப்பதைக் காட்டினர். 2015-இல், தொலைவு செல்லச் செல்ல, அதாவது பேரண்டத்தின் இளமையை நோக்கிச் செல்லச் செல்ல, இக்குழுக்களின் விகிதம் மாறுவதாகவும் எழுதினர். பழங்காலத்தில் கன தனிமங்கள் குறைவு என்பதை எண்ணினால் இது வியப்பன்று. அருகிலுள்ள கலவையை மாதிரியாக வைத்துத் தொலைவிலுள்ள கலவையைத் திருத்தினால் பிழை ஒரே பக்கம் சாயக்கூடும். விரிவு வேகமடைகிறதா என்ற கேள்வியை இது புரட்டிப்போடாது. ஆனால் இன்றைய கேள்வி அதைவிட நுட்பமானது: கருப்பு ஆற்றல் காலப்போக்கில் மாறுகிறதா? 2024, 2025 ஆண்டுகளில் வெளியான 'டெசி' ஆய்வு அப்படி ஒரு குறிப்பைத் தந்தது. எந்தச் சூப்பர்நோவாத் தொகுப்பை அதனோடு சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்து அக்குறிப்பின் வலிமை கூடியும் குறைந்தும் போகிறது. நூற்றில் ஒரு பங்குப் பிழையும் இங்கே பெரிது.

நம் பங்கு என்ன?

2015 செப்டம்பர் 28-இல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட ஆஸ்ட்ரோசாட் செயற்கைக்கோளில் புற ஊதாத் தொலைநோக்கி ஒன்று உண்டு. 37.5 செ.மீ. விட்டமுள்ள இரட்டைக் குழாய்கள் கொண்டது. பெங்களூரிலுள்ள இந்திய வான் இயற்பியல் நிறுவனம் முன்னின்று உருவாக்கியது. படத்தின் கூர்மையில் ஸ்விஃப்டைவிட மேலானது. ஆனால் 1-ஏ சூப்பர்நோவாக்களுக்கு மிகவும் வேண்டிய 2000 முதல் 3000 ஆங்ஸ்ட்ராம் வரையான பிரிவு 2018-இல் செயலிழந்துவிட்டது. தொலை புற ஊதாப் பிரிவு அதன்பின்னும் நல்ல பணி செய்தது. ஆயினும் இவ்வகைச் சூப்பர்நோவாக்கள் அந்த அலைநீளத்தில் மிகமிக மங்கல். ஒரு மீட்டர் விட்டமுள்ள புதிய இந்தியப் புற ஊதாத் தொலைநோக்கிக்கான 'இன்சிஸ்ட்' என்ற திட்டம் முன்மொழியப்பட்டுள்ளது. படம் மட்டுமன்றி நிறமாலையும் எடுக்கக்கூடிய கருவி என்பதே அதன் சிறப்பு. கடன் வாங்கிய நிறமாலையால் வரும் சிக்கலுக்குச் சொந்த நிறமாலைதான் மருந்து. படம் எடுக்கும் கருவியைவிட நிறமாலை எடுக்கும் கருவிக்கே முதலிடம் தர வேண்டும் என்பது என் கருத்து.

வாக்கியத்தைத் திருத்துவோம்

என் மாணவிக்கு நான் கடன்பட்டவன். அடுத்த வகுப்பில் கரும்பலகையில் பழைய வாக்கியத்தை எழுதி, அவளையே அடிக்கச் சொன்னேன். கீழே இப்படி எழுதினோம்: "1-ஏ வகைச் சூப்பர்நோவாக்கள் ஒரே அளவு ஒளி வீசுவதில்லை. அவை மங்கும் வேகம், நிறம், செம்பெயர்ச்சி ஆகியவற்றுக்குத் திருத்தம் செய்தபின் அவற்றின் ஒளியை ஏறத்தாழ ஒன்றாகக் கொள்ளலாம். புற ஊதாவில் இத்திருத்தம் இன்னும் முழுமையாகவில்லை."

நீளமான வாக்கியம்தான். தேர்வில் "திட்ட ஒளி மூலம் என்றால் என்ன?" என்ற இரண்டு மதிப்பெண் வினாவுக்குப் பழைய வாக்கியத்தை எழுதினால் முழு மதிப்பெண் கிடைக்கும். இதை எழுதினால், திருத்துபவர் விடைக்குறிப்பை மட்டும் பார்ப்பவராயின், ஒரு மதிப்பெண் போகலாம். "எதை எழுதட்டும் சார்?" என்று அவள் கேட்டாள்.

வாசகர்களே, அந்தக் கேள்விக்கு எளிய விடை என்னிடம் இல்லை. சிவகாசியில் மருந்து கலப்பவர், சென்ற கலவையைப் போலத்தான் இதுவும் இருக்கும் என்று எண்ணிக் கை வைப்பதில்லை. அன்றைய வெயில், ஈரம், கலவை ஒவ்வொன்றையும் புதிதாகப் பார்க்கிறார். பார்க்கத் தவறியவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பது எங்கள் மாவட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். அந்த ஊரிலிருந்து வந்த பெண்ணிடம், "ஒரே மாதிரி என்று எழுதிவிட்டு வா" என்று சொல்ல என் வாய் வரவில்லை. கல்லூரியின் உள்தேர்வுத் தாள்களைத் திருத்துவது நான்தான். அதில் "திருத்தம் செய்தபின்" என்ற இரண்டு சொற்கள் இல்லாத விடைக்கு இனி முழு மதிப்பெண் இல்லை என்று வகுப்பில் அறிவித்துவிட்டேன்.